மலாக்கா ஆற்றில் அந்திப் படகு: பகாவிலிருந்து போய்வரத் தகுமா?

கேள்வி: அக்டோபர் 6, இரவு 9.40

தீபாவளிக்கு மறுவாரம் அம்மா, பெரியம்மா, பழைய தோட்டத்து ஆட்கள் என்று நெகிரி செம்பிலான் பகாவ் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய மலாக்கா போக நினைக்கிறோம். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்ந்த கால்கள், முட்டி வலி இல்லாத ஆளே இல்லை. சாயங்காலப் படகுச் சவாரி நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். என் அண்ணனோ, "முக்கால் மணி நேரம் சாக்கடையைச் சுற்றிக் காட்டிக் காசு வாங்குகிறான், அதற்கு தாமிங் சாரி கோபுரத்தில் ஏற்றிவிடு" என்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 6, இரவு 10.15

படகுக்கே போங்க தங்கச்சி. உங்கள் அண்ணன் பழைய ஆற்றைப் பார்த்தவராக இருக்கும். அப்போது மூக்கைப் பொத்தாமல் பாலம் கடக்க முடியாது. இப்போது அந்த நாற்றம் இல்லை.

தாமிங் சாரி கோபுரம் 110 மீட்டர் உயரம். கூண்டு 80 மீட்டர் வரை ஏறி, சுற்றிக் காட்டிவிட்டு இறங்கும். மொத்தம் ஏழு நிமிடம். பெரியவர்கள் பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

அக்டோபர் 6, இரவு 10.50

நான் யார் என்று சொல்லாமல் விட்டேன். பகாவில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பள்ளி லீவில் ஆட்களை பத்துமலை, மலாக்கா, போர்ட் டிக்சன் என்று கூட்டிப்போவேன். ஆகவே நான் சொல்வதில் பாதி படகில் உட்கார்ந்து பார்த்தது, பாதி ஜெட்டியில் (படகுத்துறையில்) காத்திருந்து கேட்டது.

அக்டோபர் 7, காலை 6.05

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். எல்லாரும் தவறவிடுவது அதைத்தான்.

நம் நாட்டில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க அதிகம் மாறாது. மலாக்காவில் பிப்ரவரி வாக்கில் 7.25, நவம்பர் தொடக்கத்தில் 6.55. அந்த அரை மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும். நீங்கள் போவது தீபாவளிக்குப் பிறகு என்பதால் ஏழு மணிக்குள் சூரியன் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அந்திப் படகு ஏழரைக்கு" என்று யாராவது சொன்னால் அது அந்தி இல்லை, இரவு. பூமத்திய ரேகை பக்கம் என்பதால் மறைந்த இருபது நிமிடத்தில் கும்மிருட்டு.

படகுப் பயணம் முக்கால் மணி. 6.30க்கு ஏறினால் திரும்பி வரும்போது வானம் சிவந்திருக்கும். 6.45க்கு ஏறினால் பாதி அந்தி, பாதி விளக்கு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் வரிசை இருக்கும். டிக்கெட்டை ஆறு மணிக்கே வாங்கி வைத்துவிட்டு, எந்தப் படகில் ஏறலாம் என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. 1982 ஜனவரி 1இல் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒன்றாக இருக்கட்டும் என்று. எங்கள் அப்பா சாகும்வரை அதைத் திட்டினார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் நேரம் மாறவில்லை, வெளிச்சம் மட்டும் அரை மணி தாமதமாக வந்தது. சாயங்காலம் ஏழு மணி வரை வெயில் இருப்பதை டூரிஸ்ட்காரர்கள் அதிசயமாகப் பார்க்கிறார்கள். அந்த வெளிச்சம் காலையில் பால்மரத்தடியிலிருந்து எடுத்தது.

அக்டோபர் 7, பகல் 1.20

செகாமாட் அண்ணன் கேட்கிறார், "சூரியன் கடலில் இறங்குவது படகிலிருந்து தெரியுமா?"

தெரியாது. படகு கடலுக்குப் போவதில்லை. முகத்துவாரத்து ஜெட்டியில் ஏறினால் ஆற்றில் மேலே போய், தாமான் ரெம்பா பக்கம் திரும்பி, அதே வழியில் வரும். மொத்தம் சுமார் 9 கிலோமீட்டர். தெரிவது வானத்தின் நிறமும் தண்ணீரின் நிறமும்தான். கடலில் இறங்கும் சூரியன் வேண்டுமென்றால் மலாக்கா தீவுக்குப் போய் செலாட் பள்ளிவாசல் பக்கம் நில்லுங்கள். 2006இல் திறந்தது, தண்ணீருக்கு மேல் தூண் நட்டுக் கட்டியது. அங்கே போனால் படகு கிடையாது, படகுக்குப் போனால் அது கிடையாது. ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தவர்கள் இரண்டையும் காரில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள்.

அக்டோபர் 7, இரவு 8.30

முட்டி வலி விஷயம். படகுக்குள் இறங்க ஒரு படி இருக்கும், ஆட்டமும் இருக்கும். கைபிடிக்க ஆள் நிற்பார். பெரியம்மாவை முதலில் விடாதீர்கள், நடுவில் விடுங்கள், முன்னால் போனவர் பிடித்துக்கொள்ளலாம். முகத்துவாரத்தில் நீர்க்கதவு போட்டுத் தண்ணீர் மட்டத்தைக் காப்பதால், கடல் வற்றினாலும் ஆறு அதிகம் இறங்காது.

எந்தப் பக்கம் உட்காருவது? முகத்துவாரத்தில் ஏறினால் போகும்போது வலப்பக்கம் சிவப்புக் கட்டடங்களும் பிரான்சிஸ் சவேரியார் தேவாலயமும், இடப்பக்கம் ஜோங்கர் தெருப் பக்கத்து வீடுகளின் முதுகும். வரும்போது மாறிவிடும். ஆகவே இடத்துக்குச் சண்டை வேண்டாம். ஓரமாக உட்கார்ந்தால் போதும். நடு இருக்கையில் உட்கார்ந்தவர்கள் முக்கால் மணி நேரமும் முன்னால் இருப்பவர் செல்போனைத்தான் பார்ப்பார்கள். சில பாலங்கள் தாழ்வு. எழுந்து நின்று படம் எடுக்கும் மருமகன்களை உட்காரச் சொல்லுங்கள்.

மைகார்டு (அடையாள அட்டை) மறக்காதீர்கள். குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு.

அக்டோபர் 9, இரவு 10.05

"அந்தச் சிவப்புக் கட்டடம் போர்ச்சுகீசியர் கட்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. போர்ச்சுகீசியர் 1511இல் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள். அந்தச் சிவப்புக் கட்டடம், ஸ்டாட்ஹைஸ், 1650 வாக்கில் டச்சுக்காரர் கட்டியது. பக்கத்துக் கிறைஸ்ட் சர்ச் 1753இல் முடிந்தது. சிவப்பும் டச்சுக்காரர் நிறம் அல்ல. அவர்கள் காலத்தில் வெள்ளைச் சுவர். சிவப்பு அடித்தது பின்னால் வந்த ஆங்கிலேயர்கள். போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையில் கண்ணுக்குத் தெரிவது வாசல் ஒன்று. மீதிக் கோட்டையை ஆங்கிலேயர்களே 1807 வாக்கில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ஜெட்டி பக்கம் நிற்கும் பெரிய மரக்கப்பலும் உண்மைக் கப்பல் இல்லை. ஃப்ளோர் டி லா மார் என்ற கப்பலின் மாதிரி. நிஜக் கப்பல் 1511இல் மலாக்காவில் அள்ளியதை ஏற்றிக்கொண்டு போகும்போது சுமத்ரா ஓரம் மூழ்கியது. கொள்ளையடித்த பொருள் கரை சேராமல் போன அந்தக் கதையைத்தான் நம் ஆட்கள் ரொம்ப ரசித்துக் கேட்கிறார்கள்.

அக்டோபர் 11, காலை 11.30

படகில் என்ன பார்க்கலாம் என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். எனக்கு ஒட்டியதை மட்டும் சொல்கிறேன்.

தான் கிம் செங் பாலம். ஏறிய கொஞ்ச நேரத்தில் வரும், இரண்டு நிமிடம்கூட ஆகாது. 1862இல் கட்டிய பாலம், ஆனால் இடம் அதற்கும் பழையது. 1511இல் சண்டை நடந்ததே அந்த இடத்துப் பாலத்துக்காகத்தான். ஒரு கரையில் அரண்மனையும் பள்ளிவாசலும், மறு கரையில் வியாபாரிகள். பாலத்தைப் பிடித்தால் ஊர் இரண்டாகிவிடும் என்று போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கிக்குப் புரிந்தது. ஜூலையில் முதல் தாக்குதல், ஆகஸ்டில் ஊர் விழுந்தது. ஒலிபெருக்கி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் படகு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும்.

அடுத்து வீடுகளின் முதுகு. தெருவிலிருந்து பார்த்தால் கடை, ஓட்டல், கண்ணாடி. ஆற்றிலிருந்து பார்த்தால் சமையலறை, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டி. ஆற்றைச் சுத்தம் செய்தபிறகு நிறையச் சுவர்களில் படம் வரைந்துவிட்டார்கள். அம்மாக்களுக்கு அது பிடிக்கும். எனக்குப் படம் வரையாத சுவர்தான் பிடிக்கும். செங்கல் தெரிந்து, ஆலஞ்செடி முளைத்துக் கிடப்பது.

கம்போங் மோர்டன். இதற்காகவே காசு கொடுக்கலாம். நகரத்து நடுவில், ஆறு வளையும் இடத்தில் ஒரு மலாய்க் கம்பம் (கிராமம்), 1920களில் உருவானது. பக்கத்தில் அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன, இவர்கள் அசையவில்லை. முன்படிகளில் வண்ண ஓடு பதித்த வீடுகள். மோர்டன் என்பவர் நிலவரி அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர். இருட்டியதும் வீட்டு வரிசைக்கு விளக்குப் போடுவார்கள். என் வேனில் வந்த ஒரு பாட்டி, "டேய், நம்ம லயத்தை இப்படி விட்டு வச்சிருந்தா நாமளும் காசு வாங்கலாமே" என்றார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். படகே சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை.

கம்போங் ஜாவா பக்கம் பேய்ப் பாலம் என்று ஒன்று உண்டு. அந்தப் பெயருக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எந்தக் கதையையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள், திரும்பி வரும்போது ஜொகோல் சாலை இருட்டாக இருக்கும்.

உடும்பு. நீரோரம், மரவேரில், சில நேரம் சிமெண்டுத் திட்டில். கிழக்குக் கரை, மேற்குக் கரை என்ற வேறுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் முதலை என்று கத்துவார்கள். தோட்டத்து ஆட்கள் அதைக் குழம்பாகத்தான் பார்ப்பார்கள், வாயால் சொல்லமாட்டார்கள்.

அக்டோபர் 11, பகல் 12.10

மோனோரயிலை விட்டுவிட்டேன். ஆற்றோரமாகவே தண்டவாளம் தெரியும். 2010 அக்டோபரில் திறந்தார்கள், மறுநாளே நடுவழியில் நின்றது. பிறகு வருடக்கணக்கில் சும்மா கிடந்து 2017 கடைசியில் மறுபடி ஓடியது. யார் கேட்டாலும் "படகைவிட வேகமாகப் போகும், ஓடினால்" என்று சொல்லுங்கள்.

அக்டோபர் 14, இரவு 9.15

"வழிகாட்டி தமிழில் சொல்வாரா?" என்ற கேள்வி. நான் போனபோதெல்லாம் ஒலிபெருக்கிதான், மலாயும் ஆங்கிலமும். சில படகுகளில் ஓட்டுநர் தாமாகப் பேசுவார், அவர் வாய் நன்றாக இருந்தால் அன்றைய அதிர்ஷ்டம். ஒருமுறை ஒரு ஏஜென்ட் மூலம் "முழு வழிகாட்டியுடன்" என்று பேசி அதிகக் காசு வாங்கினார்கள். வந்த வழிகாட்டி படகில் ஏறவே இல்லை, ஜெட்டியில் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். நேராகக் கவுண்டரில் வாங்குங்கள்.

வழிகாட்டிக்கு என் யோசனை வேறு. நாலரை மணிக்கே ஊருக்குள் போய், முதலில் கொஞ்ச தூரம் நடந்துவிடுங்கள். தங்க வேலைத் தெரு, ஜாலான் துக்காங் ஈமாஸ். பொய்யாத விநாயகர் கோயில் அங்கேதான். 1781இல், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில், தெய்வநாயகம் செட்டி எழுப்பியது. அதே தெருத் தொடர்ச்சியில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மூன்றும் நடந்து போகும் தூரம், முட்டி வலிக்காரர்களுக்கும் முடியும். பிறகு படகு. இதைத் தலைகீழாகச் செய்தால் படகு வெறும் காற்று வாங்குவதாகப் போய்விடும். படகிலிருந்து கோயில் தெரியாது, ஒலிபெருக்கியும் அதற்காக நேரம் ஒதுக்குவதில்லை.

அக்டோபர் 14, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம்.

ஒலிபெருக்கியில் ஊரை நிறுவிய பரமேஸ்வரா வருவார், மலாய் வீரர் ஹாங் துவா வருவார், போர்ச்சுகீசியர் வருவார்கள், டச்சுக்காரர் வருவார்கள். நம் ஆட்கள் மசாலா மூட்டைக்குப் பின்னால் ஒரு வார்த்தையாக வந்து போவார்கள். "நாம தோட்டத்துக்குக் கூலியா வந்தவங்கதானே, இங்க நமக்கென்ன கதை" என்று என் வேனிலேயே ஒருவர் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை.

சுல்தான் காலத்து மலாக்காவில் துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள் (துறைமுக அதிகாரிகள்). அதில் ஒருவர் பொறுப்பில் சோழமண்டலக் கரை வியாபாரிகளும் வங்காளம், பெகு, பாசாய் ஆட்களும். அந்த ஊரில் 84 மொழி பேசினார்கள் என்று தோமே பிரேஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதி வைத்திருக்கிறார். போர்ச்சுகீசியர் வந்ததும் நீனா சாத்து என்ற தமிழ் வியாபாரிக்குப் பெண்டஹாரா என்ற உயர்ந்த பதவி கொடுத்தார்கள். 1514இல் பதவியைப் பறித்தபோது அவமானம் தாங்காமல் சிதை மூட்டி அதில் ஏறிவிட்டார். அவரைப் பெரிய ஆளாகக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. வந்தவனுக்கு உள்ளிருந்து உதவியவர். ஆனால் இந்த ஆற்றில் நம் ஆட்கள் மூட்டை தூக்க மட்டும் வந்தவர்கள் இல்லை என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

முன்ஷி அப்துல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1796இல் மலாக்காவில் பிறந்தவர், பள்ளியில் அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். அவரைச் சிறுவயதில் தமிழ் படிக்க அனுப்பினார்கள். வியாபாரக் கணக்குக்குத் தமிழ் வேண்டும் என்பது அன்றைய மலாக்கா வழக்கம்.

அக்டோபர் 15, காலை 6.00

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்கிறேன். அந்த வியாபாரிகள் வேறு, நாம் வேறு. அவர்கள் வழி வந்தவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் மலாக்கா செட்டிகள். காஜா பெராங் பக்கம் அவர்கள் கம்பம் இருக்கிறது. வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும். சித்திரை வைகாசி வாக்கில் டத்தோ சாச்சார் திருவிழா நடத்துவார்கள், அம்மை நோயிலிருந்து காக்கும் மாரியம்மனுக்கு. நம் தோட்டத்துத் திருவிழா பார்த்த கண்ணுக்கு அது பழகியதாகவும் இருக்கும், புதிதாகவும் இருக்கும்.

அக்டோபர் 19, மாலை 5.50

சுங்கை சிப்புட் தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. "தோட்டத்துக்கும் மலாக்காவுக்கும் நேரடியாக ஏதாவது உண்டா அண்ணே?"

உண்டு, பெரிதாகவே உண்டு. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் ரப்பர் நட்டது மலாக்காவில்தான். 1896, புக்கிட் லிந்தாங். நட்டவர் தான் சாய் யான், மலாக்காவில் ஊறிய சீனர்களான பாபா குடும்பம். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொல்லிக் கெஞ்சியவர். பைத்தியம் என்று ஒதுக்கினார்கள். இவர் வாங்கி நட்டார். அது விளைந்ததும் புக்கிட் அசாகானில் பெரிய அளவில் போட்டார். அதற்குப் பிறகுதான் துரைமார்கள் காட்டை அழித்துக்கொண்டு வரிசையாக வந்தது, ரப்பருக்காகக் கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தது, நம் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது எல்லாம்.

ஆகவே உங்கள் அம்மாக்கள் வெட்டிய மரத்தின் கதை அந்த ஆற்றங்கரையிலிருந்துதான் கிளம்பியது. ஹீரன் தெருவில் பெரிய மாளிகைகள் பார்ப்பீர்கள், இப்போது ஜாலான் துன் தான் செங் லோக். கோடீஸ்வரர் தெரு என்பார்கள். பெரியம்மாவிடம் அதைக் காட்டி, "இதில் கொஞ்சம் ரப்பர் காசு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அக்டோபர் 20, இரவு 9.00

மேலே சொன்னதில் "கொஞ்சம்" என்ற வார்த்தையை அழுத்திப் படியுங்கள். ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு "மலாக்கா முழுக்க நம் ரத்தத்தில் கட்டியது" என்று முழங்கியிருக்கிறார். அந்த மாளிகைகளில் பல ரப்பருக்கு முந்தியவை. கப்பல், நிலம், மரவள்ளித் தோட்டம் என்று அவர்களுக்கு ஏற்கனவே பணம் இருந்தது. தான் சாய் யானே மரவள்ளித் தோட்டக்காரர்தான். நம் ஆட்களின் வியர்வையில் பெரும்பகுதி லண்டன் கம்பெனிகளுக்குப் போனது, மலாக்கா ஆற்றங்கரைக்கு இல்லை. நம் கதையை உரக்கச் சொல்லலாம், ஊதிச் சொல்ல வேண்டாம்.

அக்டோபர் 26, காலை 10.45

பகாவ்காரர்கள் இவ்வளவு பேர் இருந்தும் ஒருவரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். தலைப்பிலிருந்து விலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1943இன் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து யுரேசியர்களையும் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர்) சீனக் கத்தோலிக்கர்களையும் நம் பகாவ் காட்டுக்குக் கொண்டுவந்து பயிர் செய்து பிழையுங்கள் என்று விட்டார்கள். ஆபீசில் பேனா பிடித்த கைகள். மலேரியாவிலும் பசியிலும் நிறையப் பேர் போனார்கள். கூட வந்த ஆயர் டெவால்ஸும் 1945இல் இறந்தார். அந்த யுரேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் மலாக்கா போர்ச்சுகீசிய வழி. உஜோங் பாசிரில் இருக்கும் போர்ச்சுகீசியக் குடியிருப்பில் மீன் சாப்பிட உட்காரும்போது, பகாவிலிருந்து வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். கடைக்காரப் பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பகாவா?" என்றார். அவர் சொந்தத்தில் யாரோ அங்கே போய்த் திரும்பவில்லையாம். பிறகு மீன் வர ரொம்ப நேரம் ஆனது, யாருக்கும் கோபம் வரவில்லை.

நவம்பர் 1, இரவு 8.10

மழை. அக்டோபர், நவம்பரில் சாயங்கால இடிமழை பிடித்துக்கொள்ளும். மின்னல் இருந்தால் படகை நிறுத்திவைப்பார்கள், அது சரிதான். மழை விட்டதும் வரும் அந்திதான் உண்மையில் அழகு, வானம் கழுவின தாம்பாளம் மாதிரி இருக்கும். அதற்காகக் கடைசிப் படகுவரை காத்திருங்கள் என்று சொல்லமாட்டேன், உங்கள் வேன்காரர் பாவம்.

முடிந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டாம். ஜோங்கர் இரவுச் சந்தை இருக்கும், வண்டி நகராது.

நவம்பர் 2, இரவு 9.30

"எல்லாம் சாயம் பூசின டூரிஸ்ட் வேலை, கலர் கலராக விளக்கு, பாட்டுச் சத்தம், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து ஊர் செத்துவிட்டது" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். விளக்கு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான். பிளாஸ்டிக் மரத்துக்கு நீல விளக்குப் போடுவதை யார் கண்டுபிடித்தார்களோ. ஆற்றோரக் கடைகளில் பாட்டு அலறுவதும் உண்மை. தண்ணீர் பழுப்பாக இருக்கிறது என்ற புகாரை மட்டும் ஏற்கமாட்டேன். நம் நாட்டு ஆறு, வண்டல் சுமந்து கீழே வருகிறது. நம் பக்கத்து மூவார் ஆறு என்ன பன்னீரா?

ஊர் செத்துவிட்டதா? காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போது படகு இல்லை, டூரிஸ்ட் இல்லை, கதவைத் திறந்து வாசல் கூட்டுகிறார்கள். ஆனால் வாடகை ஏறியதால் பழைய குடும்பங்கள் நிறையக் கிளம்பிவிட்டன என்பதும் அங்கேயே காதில் விழும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாம் கிளம்பினோமே, அதனால் எனக்கு அந்தப் பேச்சு சீக்கிரம் புரியும். இதில் யார் சரி என்று எனக்கே இன்னும் தெளிவில்லை.

நவம்பர் 15, இரவு 10.20

கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக எழுதியிருந்தார், இங்கே போடச் சம்மதம் வாங்கிவிட்டேன். போய்வந்தார்கள். நாலரைக்குக் கோயில், பிறகு ஐஸ் போட்ட செண்டோல், 6.35க்குப் படகு. மழை இல்லை. பெரியம்மா போகும்போது ஒன்றுமே பேசவில்லையாம். கோடீஸ்வரர் தெருவில் நின்று, "இவ்வளவு பெரிய வீட்டை யார் கூட்டிப் பெருக்குவது" என்று மட்டும் கேட்டாராம். ரப்பர் காசு என்று சொன்னதற்கு, "எவன் காசோ, எனக்கு வரல" என்று நடந்துவிட்டாராம். படகில் உடும்பைப் பார்த்து எல்லாரும் எழுந்து, ஓட்டுநர் திட்டி உட்காரவைத்திருக்கிறார். படகுக்கே வராமல் ஜெட்டியில் உட்கார்ந்திருந்த அண்ணன், கடைசியில் அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நவம்பர் 17, பகல் 2.05

கெமாஸிலிருந்து ஒருவர்: "படகு இல்லாமல் ஆற்றோரம் நடந்தே பார்த்தால் போதாதா? நடைபாதை இலவசம்தானே?"

இலவசம்தான். முட்டி நன்றாக இருக்கிற ஆளுக்கு நடைதான் நல்லது, நினைத்த இடத்தில் நிற்கலாம், பாலத்தில் ஏறி மறுகரைக்கும் போகலாம். கம்போங் மோர்டனுக்குள்ளும் நடந்து போகலாம், ஆனால் அது ஆட்கள் குடியிருக்கும் இடம், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். வயதானவர்களோடு என்றால் படகு. அவர்களுக்கு அது உட்கார்ந்தபடி ஊரைப் பார்க்கும் வழி. நடக்க முடிகிறவர்கள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, மற்றவர்கள் இறங்கும் ஜெட்டியில் வந்து நின்றால் சரி. கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.